சாமிக்குக் கொடுத்ததையும் கேட்போம்

கையெட்டும் தூரத்தில் மணியை வைத்துக்கொண்டு, அதை இன்னும் அடிக்காமல் என்மீது கருணை காட்டும் அவைத் தலைவர், கல்லூரித் தாளாளர் விஜயராகவன் ஐயா அவர்களே. பிள்ளைகளைக் கணினியின் முன்னும் கிழவர்களைக் கரும்பலகையின் முன்னும் கட்டி உட்காரவைத்த பேராசிரியை காமேஸ்வரி அம்மா அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே. மடியில் குழந்தையையும் கையில் செல்போனையும் ஒருசேரத் தாலாட்டும் தாய்மார்களே. மணவூரிலிருந்து ரயிலேறியும் கனகம்மாசத்திரத்திலிருந்து பேருந்தேறியும் வந்து, இந்த மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்த கெட்டிக்கார உறவுகளே. மின்விசிறி எட்டாத இடத்தில் நிற்கும் மாணவ மாணவியரே. உங்கள் எல்லோருக்கும் துளசிங்கத்தின் வணக்கம்.

நான் கொல்லைக்காட்டில் வேலை செய்தவன். எழுத்தறிவு வகுப்பில் தேறியதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள் என்றார்கள். ஒரு வார்த்தையா? எழுபது வயதுக்கு மேல் எழுதக் கற்றவனிடம் ஒரு வார்த்தையா கேட்பது? உள்ளே ஊர்வலமே நிற்கிறது ஐயா.

இப்போது நான் பேருந்தின் நெற்றியைப் படிக்கிறேன். பெட்டிக்கடையின் பலகையைப் படிக்கிறேன். இங்கே குப்பை கொட்டாதீர் என்ற எழுத்தைக் குப்பைமேட்டின் மேலேயே நின்று படிக்கிறேன். ஆந்திராப் பேருந்தின் பலகை மட்டும் இன்னும் எனக்குக் கோலமாகத்தான் தெரிகிறது. அதையும் விடுவதாக இல்லை. இந்த உரையையும் நானே எழுதினேன். ஒரு வரி எழுதுவேன், ஒரு வாய் டீ குடிப்பேன். டீ ஆறிப்போகும், வரி ஆறாது.

ஆறாத விஷயத்துக்கு வருகிறேன்.

தலைவர் தம் உரையில் ஒரு முடிவைச் சொன்னார். செய்தி நேற்றே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது, அதனால்தான் எழுதியே வந்தேன். நம் கல்லூரிப் பிள்ளைகள் சென்னைக் கம்பெனி ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்களே, இணையத் திருடர்களை முன்கூட்டியே கண்டறியும் பயிற்சி, அதில் இனிமேல் பெண்கள் வேண்டாமாம். இப்போது இருக்கும் சௌமியாவும் விலகிக்கொள்ள வேண்டுமாம். ‘ஊரில் ஏமாந்தவர் ஒருவரோ இருவரோ, அதற்காக நம் பெண்களை ஆபத்தில் நிறுத்தலாமா’ என்று தலைவர் கேட்டார்.

அந்த ஒருவரோ இருவரோவில் ஒருவன் நான். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

முதலில் அது என்ன பயிற்சி என்று என் பாஷையில் சொல்கிறேன், பேராசிரியை பிழை பொறுப்பாராக. வேர்க்கடலை போட்ட கொல்லைக்குக் காட்டுப்பன்றி வரும். வந்து தோண்டிய பிறகு தலையில் கைவைத்து உட்காருகிறவன் ஒரு ரகம். விடிந்ததும் வரப்போரம் குனிந்து, எந்தப் பக்கம் குளம்படி கிடக்கிறது, எந்த வேலி நெளிந்திருக்கிறது, மறுபடி எந்த வழியாக வரும் என்று பார்க்கிறவன் இன்னொரு ரகம். நம் பிள்ளைகள் இரண்டாம் ரகம். இணையத்தில் போலிப் பக்கம் ஒன்று முளைத்தால், அதில் இருக்கும் போன் நம்பர் ஏற்கெனவே எங்கே மேய்ந்தது, அதில் இருக்கும் படம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அடுத்து எந்தத் திருவிழாவைக் குறிவைக்கும் என்று அடி பார்க்கிறார்கள். பார்த்து எழுதுகிறார்கள். எழுதியது கம்பெனிக்கும் போலீசுக்கும் போகிறது. திருடன் வருவதற்கு முன்னால் வேலி நிமிர்கிறது.

இது வேலையா, வேடிக்கையா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒரு பக்கம் முளைத்தது. நம் மலைக்கோயிலுக்கு வரமுடியாதவர்கள் பெயரில் அவரவர் நட்சத்திரத்தன்று அபிஷேகம் செய்வோம், பிரசாதம் தபாலில் அனுப்புவோம் என்றது. என் மனைவி பூவம்மாளுக்கு மலையேறும் தெம்பு இல்லை. கனகம்மாசத்திரத்துக் கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பச் சொன்னோம். அபிஷேகம் நடந்தது என்று மெசேஜ் வந்தது. கடைக்காரர் படித்துச் சொன்னார். பூவம்மாள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரசாதம் வரவில்லை. நாங்கள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? உங்களுக்கே தெரியும். சாமிக்குக் கொடுத்ததைக் கேட்கக்கூடாது. உண்டியலில் போட்டதை எண்ணக்கூடாது. நேர்ந்து கொடுத்த ஆட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. நாம் இப்படித்தான். நாம் இப்படித்தான் என்பது நமக்கு மட்டுமா தெரியும்? திருடனுக்கும் தெரியும். கேட்கக்கூடாது என்ற நம் வழக்கத்தில்தான் அவன் கடை விரித்தான்.

அப்போது எங்கள் தெருவுக்கு வந்தாள் சௌமியா. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் கந்தனின் மகள். பூவம்மாள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

‘தாத்தா, உங்க போன்ல சாமி பேர சொல்லி எதுனா மெசேஜ் வந்துதா?’

‘ஒண்ணும் வர்ல போ,’ என்றாள் பூவம்மாள்.

‘ஆயா, நான் தாத்தாவ கேட்டேன்.’

‘அவர் வாயும் நான்தான், அவர் போனும் நான்தான்.’

சிரிக்கிறீர்கள். நம் எல்லோர் வீட்டிலும் இதுதானே நிலவரம்.

சௌமியா போகவில்லை. அவளும் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தாள். ‘இந்தத் தெருவுல யார கேட்டாலும் இல்லன்றாங்க. ஏமாறாத ஊருக்கு இன்னாத்துக்கு ஆயா அவன் வேல மெனக்கெட்டு மெசேஜ் அனுப்பிகினு கீறான்?’

‘சாமிக்குக் குடுத்தது. கையவுட்டுப் போச்சுனா அவ்ளோதான். கேட்டா பாவம்.’

‘சாமிக்குப் போயிருந்தா கேக்க வேணாம் ஆயா. போச்சானுதான கேக்கறேன்.’

தாய்மார்களே, பூவம்மாள் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள்.

மெதுவாக எழுந்து போய்ப் போனை எடுத்துவந்தாள். பேச்சைக் கேட்டு வந்த அடுத்த வீட்டுக் கமலாவும் தன் போனை முந்தானையிலிருந்து எடுத்தாள். இரண்டையும் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் தெரியும். இரண்டிலும் ஒரே கோலம். ஒரே வளைவு, ஒரே சுழி, ஒரே புள்ளி. ஓரிடத்தில் மட்டும் வேறு.

‘இன்னாமா இது, இங்க மட்டும் வேற மாதிரி கீது?’

‘அது பேரு தாத்தா. இதுல பூவம்மாள்னு கீது. அதுல கமலானு கீது. மத்ததெல்லாம் ஒண்ணுதான். பேர மட்டும் மாத்தி மாத்தி அனுப்பறான்.’

பெரியோர்களே, என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் படித்த சொல் என் மனைவியின் பெயர். அதை எழுதியவன் திருடன். இந்த அவமானத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்த வாரமே காமேஸ்வரி அம்மாவின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பூவம்மாள் என்ற பெயரைத் திருடன் எழுதியதைவிட அழகாக நான் எழுதுவேன் என்று பலகையைப் பிடித்தேன். எழுதினேன். வீட்டுச் சுவரில் கரியால் எழுதினேன். திட்டு வாங்கினேன்.

ஆனால் அந்த மெசேஜ் பொய் என்று தெரிந்த அன்றைக்குப் பூவம்மாள் யாரையும் திட்டவில்லை. ‘நான் மலைக்குப் போவலனாலும் என் பேரு போயி சாமி எதிர்ல நின்னுச்சுனு இருந்தேனே. அதுவும் போவலியா?’ என்றாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனாள். குடத்தை வைத்துவிட்டு, இந்த மாதிரி நான் ஏமாந்தேன் என்று வரிசையில் நின்றவர்களிடம் உரக்கச் சொன்னாள். வரிசையில் ஒருத்தி, ஆங், நானும்தான் என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் நானும் என்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை.

சௌமியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். அதே நம்பர் வேறொரு ஊரில் வேறொரு திருவிழாவில் மேய்ந்த நம்பர் என்று கண்டுபிடித்தார்கள். கிருத்திகைக்கு முன்னால் அந்தப் பக்கம் இணையத்தில் இல்லாமல் போனது. காவடி எடுத்து வந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரியாமல் நடந்ததுதான் அந்தப் பெண்ணின் வேலைக்கு அழகு.

மணி அடித்துவிட்டது. கேட்டது ஐயா. எனக்குக் காது எப்போதும் பழுதில்லை, கண்தான் இப்போது திறந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம்.

அதற்குப் பிறகு ஒரு போன் வந்தது. சௌமியாவுக்கு வரவில்லை. ஆட்டோவில் சவாரிக்குக் காத்திருந்த கந்தனுக்கு வந்தது. ‘உன் பொண்ணு போட்டோ எங்ககிட்ட கீது. வேற மாதிரி மாத்தி ஊர் பூரா அனுப்புவோம். பொண்ண வீட்ல வெச்சிக்க.’ அவ்வளவுதான். பேராசிரியை போலீசில் புகார் கொடுத்தார். கந்தன் கல்லூரிக்கு வந்து, என் பொண்ண இதுலேந்து எடுத்துடுங்கோ என்று கைகூப்பினான். கந்தா, தூணுக்குப் பின்னால் நிற்கிறாய், எனக்குத் தெரிகிறது. உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பெற்றவன் பதறத்தான் செய்வான்.

ஆனால் ஊர் பதறலாமா? கல்லூரி பதறலாமா? மிரட்டியவன் யார்? திருடன். பூட்டப்பட்டவள் யார்? சௌமியா. கொல்லையில் பன்றி புகுந்தால் பன்றியை விரட்டுவோமா, காவல் இருந்தவளை வீட்டுக்கு அனுப்புவோமா? ஆண் பிள்ளைகள் இருக்கலாமாம். கிரிதர் இருக்கலாம், ஆகாஷ் இருக்கலாம். ஏன், அவர்களுக்கெல்லாம் முகம் இல்லையா, போட்டோ இல்லையா? அந்தத் திருடன் ஓர் ஆணின் படத்தைக் காட்டி ஏன் மிரட்டவில்லை? பெண்ணின் படம் என்றால் ஊர் அவளைத்தான் ஒதுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். சாமிக்குக் கொடுத்ததைக் கேட்கமாட்டார்கள் என்று ஒருமுறை நம்மை எடைபோட்டான். பெண்ணைப் பற்றிச் சொன்னால் நடுங்குவார்கள் என்று இன்னொருமுறை எடைபோட்டான். முதல் தடவை அவன் எடை சரியாக இருந்தது. இரண்டாம் தடவையும் சரியாக இருக்க வேண்டுமா?

வரட்டும் அந்தப் படம். என் போனுக்கும் வரட்டும். எங்கள் தெருவில் ஒவ்வொரு போனுக்கும் வரட்டும். இது திருடன் செய்த படம் என்று சொல்லி, ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம் என்ற போலீஸ் நம்பருக்குத் தகவல் கொடுப்போம். பார்த்தவன் வெட்கப்படட்டும். அனுப்பியவன் வெட்கப்படட்டும். அவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

யாரம்மா அது? ‘உன் பேத்தியா இருந்தா வுடுவியா தாத்தா’ என்கிறீர்கள். நல்ல கேள்வி. கல்பனா, எழுந்து நில். பார்த்துக்கொள்ளுங்கள், இவள்தான் என் பேத்தி. அடுத்த பருவத்தில் இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். விடுவியா என்றா கேட்டீர்கள்? விட்டுவிட்டேன் அம்மா.

நான் எழுதிவந்த தாள் இத்தோடு முடிந்தது. இனி வருவது வாயில் வருவது.

தலைவர் ஐயா, ஏமாந்தவர் ஒருவரோ இருவரோ என்றீர்களே. எண்ணிப் பார்த்துவிடலாமா? இந்த மண்டபத்தில் யார் யார் அந்தப் பக்கத்தில் அபிஷேகத்துக்குக் கொடுத்தீர்கள்? சாமி பெயரைச் சொல்லி யார் யாரை அவன் ஏமாற்றினான்? பணம் எவ்வளவு என்று சொல்ல வேண்டாம். வாய் திறக்க வேண்டாம். எழுந்து நின்றால் போதும்.

பூவம்மாள் நிற்கிறாள். அவள் எழுவதற்கு நான் சொல்லவும் வேண்டுமா. கமலா நிற்கிறாள். வேறு யார்?

யாரும் இல்லையா? இந்த மௌனத்தைத்தான் ஐயா அவன் மூலதனமாகப் போட்டான்.

ஓ. தலைவரே எழுந்துவிட்டார். ஐயா, பொறுத்தருள வேண்டும், நேரம் கடந்துவிட்டது, இதோ உட்கார்ந்துவிடுகிறேன். மணியைக்கூட அடிக்க வேண்டாம். என்ன ஐயா? என்னை உட்காரச் சொல்ல எழவில்லையா?

மைக்கில் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும். ‘பேரன் நட்சத்திரத்துக்கு நானும் அந்தப் பக்கத்துலதான் பணம் கட்டினேன் துளசிங்கம். வீட்டம்மாவுக்குக்கூடச் சொல்லல’ என்கிறார் தலைவர். வீட்டம்மா முன்வரிசையில் இருக்கிறார், இப்போது தெரிந்துவிட்டது. ஐயா, நீங்கள் பெரிய மனிதர். சொன்னதால் இன்னும் பெரிய மனிதர்.

பாருங்கள், அங்கே ஒருவர் எழுகிறார். அந்தப் பக்கம் இருவர். வேட்டியை இறுக்கிக்கொண்டு அவர் எழுகிறார், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த அம்மா எழுகிறார். முன்வரிசை எழுகிறது, நடுவரிசை எழுகிறது. எண்ணலாம் என்றேன், எண்ண முடியவில்லை. சௌமியா, நன்றாகப் பார்த்துக்கொள் அம்மா. நீ வீடுவீடாகக் கேட்டு அலைந்தாயே, இல்லை இல்லை என்றார்களே, அவர்கள்தான் இவர்கள்.

தலைவர் ஐயா, அந்த முடிவு இன்னும் நிற்கிறதா? தலையை ஆட்டுகிறார். இல்லையாம். வாபஸ் என்கிறார். கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார்.

கந்தா, கல்லூரி சொல்லிவிட்டது. பெற்றவன் நீ சொல்ல வேண்டும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல். ஆனால் சொல்வதை என்னிடம் சொல்லாதே. உன் மகளிடம் சொல்.

தூணைவிட்டு வெளியே வருகிறான். சற்று அமைதியாக இருங்கள். அவன் மெல்லத்தான் பேசுவான்.

‘திங்கக்கிழம எத்தினி மணி ரயிலுக்கும்மா போவணும்?’

‘ஏழு மணிக்கு நைனா.’

‘ஆட்டோல கொண்டாந்து வுடறேன்.’

இதற்குமேல் பேசினால் நான் பேச்சாளனாக ஆகிவிடுவேன், மனிதனாக இருக்க மாட்டேன். மணியை அடிக்காமல் எழுந்து நின்ற தலைவருக்கும், எழுத்தைக் கையில் கொடுத்த பேராசிரியைக்கும், ஏமாந்தோம் என்று நிமிர்ந்து நிற்கும் இந்தப் பேரவைக்கும் என் நன்றி. ஒரு கிழவனுக்காக இவ்வளவு பேர் நின்றது போதும், எல்லோரும் உட்காருங்கள். வணக்கம்.