முதல் வரியில் எழுதிய விலாசம்

இந்த அவையின் தலைமையை அணிசெய்து அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய சதக்கத்துல்லா அவர்களே! மஸ்கட் மாநகரின் ரூவி வாழ் பெரியோர்களே! உழைப்பாளித் தோழர்களே! உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, உரைக்குச் செவி சாய்த்திருக்கும் தாய்மார்களே! அனைவர்க்கும் என் அன்பு வணக்கம்.

சகோதரி சிவமலரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். எதற்காக? சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர், கடல்நீரைக் குடிநீராக்கும் கம்பெனியொன்றின் மஸ்கட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் பணியாற்றுகிறார். குளோரின் வாயு கசிந்தால் ஆலையில் அபாய மணி அடிக்கவைக்கும் புரோகிராம் இவர் எழுதியது. சென்ற ஆண்டு, பழைய மெஷினுக்குப் பதிலாக வேறு வகைப் புது மெஷின் வந்தது. புரோகிராமை அதில் ஏற்றிச் சோதித்தார்கள். அடித்ததா மணி? அடிக்கவில்லை!

மேலாளர் வெங்கட்ராமனுக்கோ அவசரம். "யல்லா, சீக்கிரம்! பழசை ஆஃப் பண்ணுங்கம்மா. மணியை அப்புறம் பாத்துக்கலாம்."

"மணி அடிக்கும்வரை பழசை நிப்பாட்ட விடமாட்டன், சேர்."

விடவில்லை ஐயா, விடவில்லை! தட்டுங்கள், நன்றாகவே கை தட்டுங்கள்.

பிழை முதல் வரியில் இருந்தது. கட்டளைகளைப் படித்து நடத்தும் இன்னொரு புரோகிராம் மெஷினுக்குள் எந்த விலாசத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரி அது. புது மெஷினில் அந்த விலாசத்தில் ஆளே இல்லை!

"புது விலாசத்தை எழுதிட்டா முடிஞ்சுதே?" என்றார் வெங்கட்ராமன்.

"இது சவூதியில இருக்கிற யான்பு ஆலைக்கும் போகுது, சேர். அங்க மெஷின் வேற. ஆரோ ஒராள் ஞாபகமாய் மாத்தவேணும். மறந்துபோனால்?"

வெங்கட்ராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். 'என்வ்' என்றொரு சிறு கட்டளை உண்டு. ஒரு புரோகிராமின் பெயரைச் சொன்னால் போதும், அது எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்து வேலையில் இறக்கிவிடும். யான்புவுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். என்வ் மட்டும் அங்கும் இங்கும் ஒரே விலாசத்தில்தான் இருந்தது. முதல் வரியில் விலாசத்தை எடுத்துவிட்டு, என்வை அழைத்துப் பெயரை மட்டும் எழுதினார் சிவமலர். பழைய மெஷினில் மணி அடித்தது, புதிதிலும் அடித்தது! அதன் பிறகே பழையது நின்றது.

அதே புரோகிராம், ஓர் எழுத்தும் மாறாமல், யான்புவுக்குப் போனது. இந்த ஆண்டு அங்கே உண்மையாகவே வாயு கசிந்தது. சைட்டில் நின்ற ராக்கப்பன் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்: "பைப்பு மாட்டிக்கிட்டு இருந்தோம்ணே. மணி அடிச்சுச்சு. போட்டது போட்டபடி ஓடுனோம். திரும்பிப் பாத்தா, நாங்க நின்ன எடம் பூரா மஞ்சப் புகை."

என்னவென்று கேட்டார்களா? ஏனென்று யோசித்தார்களா? யோசிக்க நேரமேது! மணி அடித்தது, ஓடினார்கள், உயிரோடு இருக்கிறார்கள்!

அந்தக் குழுவினர் இப்போது ரூவி சைட்டில் இருக்கிறார்கள். இதோ, இந்த அரங்கில் இருக்கிறார்கள். தம்பி ராக்கப்பா, எழுந்திரு! கூட வந்தவர்களே, எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!

சகோதரி, பாருங்கள். இவர்கள்தான்.

இடம் தந்தோர்க்கும் இவ்வளவு நேரம் பொறுத்தோர்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!