அட்டையில் ஏழு வரி சரி

படகுக்குத் திசைகாட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். பித்தளை வளையத்தைத் தடவுவார்கள், உள்விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள், ஏதோ வரவேற்பறையில் வைக்கப்போகிற மாதிரி. நான் சொல்வது இரண்டே விஷயம். உள்ளே மிதக்கும் எண்தட்டு பெரிதாக இருக்க வேண்டும். திரவத்தில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. சின்னத் தட்டு அலையில் பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றும். பெரியது நிதானமாகத் திரும்பும். இருபத்தாறு வருஷமாக இந்தக் கடையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பொருத்திய திசைகாட்டியைப் பற்றி விசாரிக்க வந்த முதல் அதிகாரி நீங்கள்தான். உட்காருங்கள். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும்.

ஆமாம், நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் அட்டை என் கையெழுத்துதான். எட்டு மாதம் கடலுக்கடியில் கிடந்தும் ஓர் எழுத்துகூட அழியவில்லை. லேமினேஷன் போட்டதும் நான்தான்.

படகு என் தங்கை கணவருடையது. மனுஷர் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். சீசாவில் ஒட்டியிருப்பதை மூன்று முறை படிக்காமல் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இந்தக் கடைக்கு மேலே, என் வீட்டிலேயே இருந்தார்கள். அப்பா அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. நான்தான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினேன். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றவில்லை. இருந்ததே போதுமாக இருந்தது.

போன வருஷம் அவருக்கு எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சாலை வழியாகச் சுற்றிப் போனால் நாலு மணி நேரம், படகில் முக்கால் மணி. அதனால்தான் அந்தப் படகு. குடித்தனத்தை அங்கே மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்க மட்டும் வருவதாகத் திட்டம்.

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடுவோம் மச்சான், கவலைப்படாதீங்க" என்றார்.

நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. நான் தலையாட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. மாடியில் காலடிச் சத்தம் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறொன்றும் தேடாதீர்கள்.

திசைகாட்டியை அவருக்காக நானே தேர்ந்தெடுத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்லது. படகைத் திருப்பும் சக்கரத்துக்கு நேர் எதிரே, நின்றுகொண்டே பார்க்கும் உயரத்தில் பொருத்தினேன். கீழே என்ஜின் இருக்கிறது. அதன் இரும்பு, திசைகாட்டி முள்ளை இழுக்கும். எந்தப் படகிலும் ஏதாவது இழுக்கத்தான் செய்யும். அதனால் பொருத்தி முடித்ததும் படகை நடுத்துறைக்குக் கொண்டுபோய், தண்ணீர்த்தொட்டி, ஆலைப் புகைபோக்கி என்று தெரிந்த அடையாளங்களை வைத்து, அந்தப் படகு அடிக்கடி போகப்போகிற எட்டுத் திசைக்கும் திருப்புவோம். ஒவ்வொரு திசைக்கும் முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்து, எந்த எண்ணைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுப்போம். பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகுகளும் உண்டு. அவற்றைத் திருப்பினால் பொய் பெருமளவு குறையும். அன்றைக்குத் திருகு இறுகிப்போயிருக்கிறது என்று சொன்னேன். இறுகவில்லை.

அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சத்தமாகச் சொன்னார். நான் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து, கடையில் உட்கார்ந்து மையால் எழுதினேன். ஏழு வரி சரி. எதிர்க்கரைக்குப் போகிற திசை எழுபது பாகை. அதற்கு எண்பத்திரண்டைப் பிடிக்க வேண்டும். ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். எட்டின் வளைவைப் பாருங்கள், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது.

மறுநாள் அவர் படகை எடுத்துப்போய் இரண்டு வரிகளைச் சரிபார்த்துவிட்டு வந்தார். அதுதான் அவர் சுபாவம்.

"ரெண்டு பாத்தேன், ரெண்டும் கரெக்ட்டா இருக்கு. மிச்சத்தையும் பாத்துடவா மச்சான்?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றேன்.

அவருக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சிரித்துவிட்டு, "நீங்க எழுதினதைப் போய்ச் சந்தேகப்படுறதா" என்று விட்டுவிட்டார்.

நான் நினைத்தது இதுதான். ஒரு நாள் பனியில் வழி தவறுவார். அரை நாள் அலைந்து அசடு வழியத் திரும்பி வருவார். தங்கை பயந்துபோய், படகும் வேண்டாம் எதிர்க்கரையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். கடல் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்ததும் உண்மைதான். அந்தத் தவறான கோடு பாதி வழியில் இடது பக்கப் பாறைத்திட்டில் முட்டுகிறது. பாறையில் உரசி நிற்கும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

குடிபோகிற அன்றைக்குக் காலையில் பனி. துறையில் நின்றால் அடுத்த படகு தெரியவில்லை. பனி விலகட்டுமே என்று அவர்தான் சொன்னார். "திசைகாட்டி எதுக்கு இருக்கு மாப்பிள்ளை? அட்டையைப் பாத்து ஓட்டுங்க" என்று நான் சொன்னேன். பாத்திரமும் படுக்கையும் ஏற்றியிருந்தோம். தங்கை மறுநாள் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. கடைசி நிமிஷத்தில் அவள், "நானும் இதுலயே போயிடுறேண்ணா, அவரு தனியா எப்படிச் சமாளிப்பாரு" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

என் கையில் கயிறு இருந்தது. முடிச்சை அவிழ்க்கிற நேரம் முழுக்க எனக்கு இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டேன்.

மீன்பிடிப் படகு ஒன்று அவளை இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். நான்தான் அடையாளம் காட்டினேன். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தேன், ஒரு குறை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவரு போனை எடுத்துப் பாத்தாருண்ணா. அதுல திசை வேற மாதிரி காட்டுச்சு. அட்டையில என்ன போட்டிருக்கு, நல்லாப் பாத்துச் சொல்லுன்னாரு. நான் ஐம்பத்தெட்டுன்னு சொன்னேன். அப்ப அதுதான் சரி, மச்சான் எழுதினது தப்பா இருக்காதுன்னு போனை உள்ள வச்சிட்டாரு. நான் சரியாத்தானே படிச்சேன்? நீ என்னண்ணா எழுதியிருந்தே?"

அட்டை அப்போது படகோடு கடலுக்கடியில் இருந்தது.

"எண்பத்திரண்டுன்னு எழுதினேம்மா" என்றேன். "பனியில யாருக்கும் கண்ணு ஏமாறும். எனக்கு உன்மேல கோபமே இல்லை."

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் படிப்பதில்லை. கடிதம் வந்தால் என்னிடம் நீட்டுகிறாள். மாத்திரை அட்டையைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், போதும் என்றால் எழுந்துகொள்கிறாள். அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இப்படி ஓர் அண்ணன் கிடைப்பானா என்றுதான் சொல்வார்கள்.

நேற்று நீங்கள் படகைத் தூக்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோதே இந்தச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே தப்பாக எழுதினேன். தெரிந்தே கயிற்றை அவிழ்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். எத்தனை வருஷமானாலும் சரி, போய்விட்டு வருகிறேன்.

ஒரே ஒரு உதவி. அவள் மாடியில்தான் இருக்கிறாள். என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவள் சரியாகத்தான் படித்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தெரிந்தால் நான் திரும்பி வரும்போது அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.