டாக்டரம்மாவின் கண்ணாடிக்கு முன்னால்

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, டாக்டரம்மாவின் வீட்டுக்காரரே, டாக்டரம்மாவின் வைத்தியத்தால் இன்று மூக்கு வழியாக மூச்சு விடுகிற அத்தனை பேரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த அறைக்குள் வந்ததும் நான் முதலில் கவனித்தது அவர் படத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடியை. அதிலுள்ள தண்ணீர் கெட ஆரம்பித்திருக்கிறது. லேசான வாடைதான். முன்வரிசைக்குக்கூட இன்னும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான், கூட்டத்தில் பேசிப் பழகாத நான், மேடை ஏறினேன்.

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அத்தையின் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது என் மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைத்திருந்தது. வாசனையே கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியைக் கருக விட்டேன்.

“இன்னொரு தட்டு கருகிச்சுன்னா நீ வீட்டுலயே இரும்மா,” என்றார் அத்தை.

அவரே என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “உரிச்ச திராட்சை மாதிரி தொங்குது. முதல்ல இந்த ஸ்டீராய்டு மருந்தை மூக்குல அடிச்சுப் பார்ப்போம்.”

“ஸ்டீராய்டா? பிள்ளை ஊதிப்போயிடுவாளே,” என்றார் அத்தை.

“மாத்திரை மாதிரி இல்லம்மா. மூக்குலயே வேலை பார்க்கும். உடம்புக்குள்ள ரொம்பக் கொஞ்சந்தான் போகும்.”

மாதங்கள் போயின. திராட்சை அசையவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி எழுதிய பிறகு, என்ன தோன்றியதோ, “எங்க, அடிச்சுக் காட்டு,” என்றார்.

தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தேன். அடித்தேன். ஒரு துளி வீணாகக் கூடாதே என்று, வராந்தாவில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உறிஞ்சினேன்.

“தொண்டையில கசக்குதா?”

“ஆமா டாக்டரம்மா. நல்லா இறங்குது.”

விழுந்து விழுந்து சிரித்தார். “அத்தனையும் வயித்துக்குப் போயிருக்கு. உன் வயித்துக்கு இனிமே மூக்கடைப்பே வராது போ.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “தப்பு என்னோடது. எழுதிக் குடுத்தேனே தவிர, நீ அடிக்கிறதைப் பார்க்கலையே.” அங்கேயே ஆபரேஷன் தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

தோற்றது மருந்தா? அது சண்டைக்கே போகவில்லை!

அவர் அறையின் கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தினார். முதலில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவு. தலையைக் குனி. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. மருந்துக் குப்பியின் முனை மூக்கின் நடுச் சுவரைப் பார்க்கக் கூடாது, காதுப் பக்கம் பார்க்க வேண்டும். மெதுவாக மூச்சை உள்ளே இழு. ஊரே என்னைத் தலையை நிமிர்த்தச் சொல்லி அதட்டியபோது, குனியச் சொன்னவர் அவர் ஒருவர்தான். குனிவதுதான் எனக்குக் கை வந்த கலை.

திராட்சை பட்டாணி ஆனது. பட்டாணி மிளகு ஆனது. வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். ஒருநாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினேன்.

“அத்தை, உள்தட்டு கருகப் போகுது.”

“எனக்கே ஒண்ணும் தெரியலையே, உனக்கு எப்படி?” என்றபடி கதவைத் திறந்தார். ரொட்டி கருகுவதற்குச் சற்று முன், பொன்னிறமாக இருந்தது. அந்தத் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, கடையைக்கூடப் பூட்டாமல், டாக்டரம்மாவிடம் ஓடினார்.

அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு சட்டம் வந்தது. கண்ணாடி முன்னால் அடித்துக் காட்டாமல் யாருக்கும் ஆபரேஷன் தேதி கிடையாது. சிலருக்குக் கத்தி தேவைப்பட்டது. அதையும் அவரே செய்தார். “நல்லாயிடுச்சுன்னு நீயா நிறுத்தாதே, திரும்ப வளரும்,” என்று என்னையும் மிரட்டி வைத்தார். இன்று காலையும் அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்படி ஆபரேஷன் தேதி அடிக்கப்பட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கொஞ்சம் கை தூக்குங்கள். பின்னால் இருப்பவர்களும்.

டாக்டரம்மா, பார்த்தீர்களா? இத்தனை கைகள்! இதற்குப் பிறகும் உங்களைச் சாவு ஜெயித்துவிட்டது என்று யார் சொல்வார்கள்?

அவர் நாற்காலியில் உட்காரப் போகும் புது டாக்டரே, அந்தக் கண்ணாடியை யாரும் கழற்ற விடாதீர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அடுப்பு வேலை முடிந்ததும் நான் வந்து அதன் பக்கத்தில் நிற்பேன். உறிஞ்சுகிற சத்தம் கேட்டாலே, தப்பாக அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது இறங்கிப் போய் அந்தச் சாடித் தண்ணீரை மாற்றுகிறேன்.