கை தூக்கியவர்கள்

— அசையாதீங்க, பொத்தானைப் போட விடுங்க. அந்தப் போன் மூணாவது தடவையா அடிக்குது. யாரு?

— நிதி மந்திரி. "கையெழுத்துப் போட்டுடாதே, உன் பின்னாடி நாங்க இருக்கோம்"ங்கறார்.

— நேத்து மந்திரிசபைக் கூட்டத்துல இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதம்னு முதல்ல கை தூக்கினதே அவருதானே?

— விஷயம் என்னன்னா, எல்லாருமே தூக்கினாங்க. விடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, துறைமுக மந்திரி நீதானே, நீயே மறுத்துடுங்கறாங்க.

— சபாஷ்! நாடு தப்பிச்சா பேரு எல்லாருக்கும், கெட்ட பேரு மட்டும் உங்களுக்கு.

— சிரிக்காதே. குத்தகைக்குக் கேக்கற அந்த வெளிநாட்டுக் காசு வரலைன்னா நம்ம துறைமுகத்துல ஒரு கிரேனும் அசையாது. பழைய சிநேகித நாடெல்லாம் கையை விரிச்சாச்சு.

— அப்போ போடுங்க.

— தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகைம்மா! நம்ம கடற்படைக் கப்பல் நம்ம கரையில நிக்க, அவங்ககிட்ட எழுதிக் கேக்கணும். நாப்பதாம் பக்கத்துல இருக்கு.

— அப்போ போடாதீங்க.

— உனக்கு விளையாட்டா இருக்கு. நம்ம பொண்ணு அங்க இருக்கா. அவங்க அரசாங்கச் செலவுல படிச்சவ, அவங்க அரசாங்கத்துலயே வேலை. நான் முடியாதுன்னா நாளைக்கே அவளை வெளியே அனுப்பிடுவாங்க.

— நிதி மந்திரி பையனும் அங்கதானே?

— அவனுக்கென்ன! அவங்கப்பா கை தூக்கிட்டாரே.

— "நம்ம பிள்ளைங்க அங்க படிச்சா நமக்கு ஒரு பிடி இருக்கும்"னு அன்னிக்கு சொன்னது யாராம்?

— நான்தான். பிடி என்னவோ அவங்க கையில போயிடுச்சு.

— சரிதான். இப்படிக் குறுக்கும் நெடுக்குமா நடக்காம உக்காருங்க. அவ அங்க இல்லைன்னு வெச்சுக்கோங்க, என்ன செய்வீங்க?

— மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டு வருவேன்.

— அதைச் செய்யுங்க.

— எப்படிம்மா? தனியா ஒரு அறையில கிடந்து, அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டு அவ வாங்கின பேரு. பெத்தவனே போய்க் கெடுக்கறதா?

— காலையில அவ பேசினா.

— எங்கிட்ட ஏன் குடுக்கலை?

— உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு அவளுக்கு உத்தரவாம். நம்ம விமான நிலையத்துலேர்ந்துதான் பேசினா. இன்னிக்குக் கையெழுத்துக்கு வந்திருக்கற அவங்க குழுவுக்கு மொழிபெயர்க்க வேற ஆளைப் போட்டிருந்தாங்களாம், இவ அடம்பிடிச்சு வந்திருக்கா. "அப்பா முடியாதுன்னு சொன்னா, அதைப் பூசி மெழுகாம அப்படியே சொல்ல எதிர்ப்பக்கம் நான்தான் இருக்கணும்மா"ன்னா.