மாதிரி வீட்டுச் சாப்பாட்டு மேசை

இரவு பதினொரு மணி. கேட்டிலிருந்து உள்ளே போகும் நீளமான சாலை... ஆள் அரவமே இல்லை.

நம் நண்பர் ஒருவரின் தங்கைக்கு நேர்ந்தது இது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுற்றுச்சுவர், பூங்கா, நீச்சல் குளம் என்று ஒரு கம்பெனி கட்டி விற்ற குடியிருப்பில் புதிதாகக் குடிவந்திருந்தாள். பத்து மணிக்கு மேல் வெளி வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள். அதனால் வேலை முடிந்து வந்தால் கேட்டிலிருந்து நடைதான்.

இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள். பாதிக்கு மேல் விற்கவில்லை. பெயின்ட் வாசனை. அவள் செருப்புச் சத்தமே சுவரில் பட்டுத் திரும்பி வரும்... யாரோ கூட வருவது போல.

திருப்பத்தில் மாதிரி வீடு. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டில், மெத்தை, சாப்பாட்டு மேசை எல்லாம் போட்டிருந்தார்கள். மேசையில் பிளாஸ்டிக் பழங்கள்.

அன்று அதைக் கடக்கும்போது... கறக்... கறக்...

ஜன்னலுக்குப் பின்னால், இருட்டில், ஒரு சிறுமி. பிளாஸ்டிக் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நண்பரின் தங்கை திரும்பி, கேட்டில் இருந்த வாட்ச்மேனிடமே ஓடினாள். "அண்ணே, உங்க பிள்ளையை அந்த வீட்ல விட்டிருக்கீங்களா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை மேடம், பிள்ளைக்கு எங்க போறது?" வாட்ச்மேன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அதை ஆறு மணிக்கே பூட்டிட்டோமே..."

வேறொருத்தியாக இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டாள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன... பசி பசிதானே? மறுநாள் இரவு ஒரு டப்பாவில் ரொட்டியை வைத்து, மாதிரி வீட்டுப் படியில் வைத்துவிட்டு, கடவுளை வேண்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காலையில் டப்பா அவள் வீட்டு மதிலில் இருந்தது. கழுவியிருந்தது. நீச்சல் குளத்துத் தண்ணீர் போல லேசாகக் குளோரின் வாசனை.

அன்றிலிருந்து தினமும் ரொட்டி.

"ஊருக்கே அம்மாவா நீ?" என்று கணவர் கேலி செய்தார். "யாருமில்லாத வீட்டுக்கு டப்பா கட்டுறது உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"கட்டிக்கிட்டுப் போறேன், உங்க பங்கையா கொடுக்கிறேன்?"

பிறகு ஒரு ராத்திரி. படியில் டப்பாவை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால்... கதவு திறந்து கிடக்கிறது. சோபாவில் கணவர் குறட்டை. நாலு வயது மகனின் படுக்கை காலி.

"குட்டி!"

தெரு முழுக்க அவள் குரல் மட்டும் திரும்பி வந்தது. நீச்சல் குளத்தின் கம்பிக் கதவு திறந்திருந்தது. தண்ணீரில் அவன் செருப்பு ஒன்று மிதந்தது.

அப்படியே குதித்தாள். கையால் துழாவினாள்... ஒன்றும் இல்லை. மூச்சு முட்ட மேலே வந்தபோது, எங்கோ குழந்தை சிரிக்கும் சத்தம்.

மாதிரி வீடு.

வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். சாப்பாட்டு மேசையில், சொட்டச் சொட்ட நனைந்தபடி மகன். கையில் ரொட்டி. எதிரே அவளுடைய டப்பா.

"உன்னைப் பாக்கத்தாம்மா வந்தேன். தண்ணிக்குள்ள விழுந்துட்டேன். அந்த அக்காதான் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. ரொட்டியில பாதி எனக்குக் கொடுத்தாங்க."

"எந்த அக்காடா?"

அவன் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். இருக்கையிலிருந்து தரைக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கவளம் வீண் போகாது என்பார்கள். அவளுக்கு அது பிள்ளையாகவே திரும்பி வந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்றுகூட, அந்தப் படியில் நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

பையன் இப்போது அப்பாவை விட உயரம். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் தூங்கும்போது அவன் வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்குமாம். விரல்கள் முழுதாக மூடாதாம்... நடுவில் ஒரு சின்னக் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு.

தொட்டுப் பார்த்தால், அந்த உள்ளங்கை ஈரமாக இருக்குமாம்.