இரண்டு எம்.பி. பண்ணை

மனித இனம் சேர்த்துவைத்ததெல்லாம் இன்னும் அழியாமல் இருப்பது அரசர்களாலும் அல்ல, அறிஞர்களாலும் அல்ல; பழையதிலிருந்து புதியதற்குப் பிழையில்லாமல் படியெடுத்து வைத்த சிலரால்தான். கல்லிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து டிஸ்க்குக்கு. அந்த வரிசையின் கடைசியில் இப்போது நான் நிற்கிறேன். நான் படியெடுப்பது பெரும்பாலும் கார்ப் பந்தயமும் கால்பந்தும்.

பகலில் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஆவண அறைப் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. ஒருமுறை தொலைந்ததாகச் சொன்னார்கள். மேலாளர் தன் சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்திருந்தார். மற்ற நேரங்களில், மோட் செய்த வீடியோ கேம் கன்சோல்களுக்கான ஓர் இணையக் குழுவின் நிர்வாகி. மோட் என்றால் கன்சோலுக்குத் தயாரிப்பாளர் போட்ட பூட்டைத் திறந்து, நமக்கு வேண்டிய விளையாட்டுகளை நமக்கு வேண்டிய டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வது. குழுவில் நாலாயிரம் பேர். பேசுகிறவர்கள் முப்பது பேர். அந்த முப்பதில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "புது டிஸ்க்குக்கு மாத்தினேன். விளையாட்டு வந்துச்சு, சேவ் வரல. என்ன பண்றது?"

ஒன்றும் பண்ண முடியாது. விளையாட்டு வேறு, சேவ் வேறு. விளையாட்டு என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் அச்சடித்துக் கொடுக்கிற வெற்று நோட்டு. சேவ் என்பது அதில் நீங்கள் எழுதியது, அதாவது இதுவரை விளையாடிச் சேர்த்தது. நோட்டு கனமாக இருக்கும், எழுத்துக்குக் கனமில்லை. ஜனங்கள் கனமானதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு எழுத்தைத் தேடுவார்கள். அதனால்தான் குழுவின் முகப்பில் ஒரு விதி எழுதி வைத்தேன்: முதலில் சேவ், பிறகு விளையாட்டு, கடைசியில்தான் அழிப்பு, புதியதில் திறந்து பார்க்காமல் பழையதை அழிக்காதே. அதற்குக் கீழே என் கையெழுத்தும் உண்டு.

என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, மின்வேலை பார்த்தவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தான். கழுத்துக்குக் கீழே அவனுக்கு மிஞ்சியது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். குரல் உண்டு, ஆனால் அடுத்த அறைக்கு எட்டாது. அதற்காகக் கட்டிலோரம் ஓர் அழைப்பு மணி வைத்திருந்தோம், கட்டைவிரலால் அழுத்துவான். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் நான் அவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன், மாலையில் தூக்கிக் கட்டிலில் படுக்க வைப்பேன். அறுபத்தொரு கிலோ. குறையாகச் சொல்லவில்லை, எடையைச் சொன்னேன்.

கன்சோலை அவனுக்குக் கொடுத்தவனும் நான்தான். பொத்தான்களையெல்லாம் இரண்டு விரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பலகையில் பொருத்தித் தந்தேன். பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "சார், வாரத்துல ரெண்டு நாள் நான் வந்து செய்யறத இந்தப் பலகை தினமும் செய்யுது. விட்டுடாதீங்க," என்றார். இதை என் மனைவி தெருவெல்லாம் சொன்னாள். நானும் சொன்னேன், கேட்காதவர்களிடமும்.

அவன் விளையாடியது ஒரே ஒரு விளையாட்டு. ஒரு பண்ணை. உழவேண்டும், விதைக்கவேண்டும், கறக்கவேண்டும். யாரும் யாரையும் சுடுவதில்லை. திரையில் வருவதை என் மாமியாரும் படிக்கட்டும் என்று, குழுவில் சிலர் செய்திருந்த தமிழாக்கத்தை அதில் ஏற்றினேன். அதுவும் என் கைங்கரியம்தான்.

பண்ணையின் பிராணிகளுக்கு அவன் வீட்டு ஆட்களின் பெயரை வைத்தான். பசுவுக்கு அக்கா. கோழிக்கு அம்மா.

"ஏண்டா, பெத்தவளைக் கோழியாக்கிட்டியா?" என்றாள் மாமியார்.

"முட்டையும் போடுது, முணுமுணுப்பும் ஓயல. வேற யாரும்மா?"

"இந்த வயசுல முட்டை போடறேனேன்னு சந்தோஷப்படு," என்றாள் அவள். வீடே சிரித்தது.

கழுதைக்கு அத்தான் என்று வைத்தான். அவன் அத்தான் என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

நானும் சிரித்தேன். ஏறக்குறைய நான்கு வருடம் சிரித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மேலாளரும் அலுவலகத்தில் இரண்டு பேரும் பழங்களோடு அவனைப் பார்க்க வந்தார்கள். அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் செய்த பலகையைப் பாராட்டினார்கள். என்னுடைய பொறுமையைப் பற்றி மேலாளர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'அத்தான் இன்று நகர மறுக்கிறது. ஒரு கேரட் கொடுத்துப் பாருங்கள்.'

மேலாளர் தன் வாக்கியத்தை விட்டுவிட்டு அதை உரக்கப் படித்தார். யார் அத்தான் என்பதை மாமியார் விளக்கினாள். தேநீர் கொண்டுவந்த என் மனைவி சிரிப்பு தாங்காமல் தட்டைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை என் மேசையில் ஒரு கேரட் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. துணைக் கண்காணிப்பாளர் பதவிக்கு என் பெயர் போயிருந்த வாரம் அது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. கேரட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் மேலாளர். நான் கேட்கவே இல்லை.

கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வராது, வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவன் தொடாத விளையாட்டுகளையும் நான் ஏற்றிக்கொண்டே இருந்ததில், அடுத்த மாதம் மைத்துனனின் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிதாக ஒன்று வாங்கினேன். பழையதைக் குழுவில் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். விளையாட்டுகளை மாற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. சேவ் இருந்த கோப்புறையைத் திறந்து பார்த்தேன். நான்கு வருடம், இரண்டு எம்.பி. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அதைவிடப் பெரிது. அதை என் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். புதிய டிஸ்க்கில் ஏற்றவில்லை.

அவன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஆவணக்காரன் ஒருவன் உறைகளைத் திறப்பதும் மூடுவதும், பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

"அத்தான், பண்ணை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

பழைய டிஸ்க்கை அழிக்கும் கட்டளையைத் திரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பலகையை அவன் விரலடியில் வைத்தேன். "நீயே அழுத்து. உன் டிஸ்க்குதானே."

அவன் தயங்கினான். "ஒரு தடவை புதுசுல திறந்து பாத்துட்டு அழிச்சா என்ன? நீங்கதானே அப்படி எழுதி வச்சிருக்கீங்க."

"அது ஊராருக்கு எழுதினது. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"சேச்சே. உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?" என்று சொல்லிவிட்டு அழுத்தினான்.

எனவே, கேட்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்தியது அவன்.

பிறகு புதிய டிஸ்க்கில் பண்ணையைத் திறந்தான். 'புதிய பண்ணையைத் தொடங்கவும்' என்ற ஒரு வரிதான் இருந்தது. மூடித் திறந்தான். மறுபடியும் மூடித் திறந்தான். என்னைத் திரும்பிப் பார்க்க அவன் கழுத்தால் முடியாது. திரையைப் பார்த்தே கேட்டான்.

"நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா அத்தான்?"

இந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். பென் டிரைவ் சட்டைப்பையில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. "பரவால்ல விடு. எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றேன்.

ஆம், அவனை மன்னித்தேன். மனைவி ஓடிவந்து, "வேணும்னா பண்ணான்? அவனத் திட்டாதீங்க," என்றாள். நான் திட்டவில்லை என்று தெரிந்ததும் மாமியார், "இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும்," என்று அடுப்படியில் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்குப் பெரிய மீன்துண்டாக வைத்தாள். சாப்பிட்டேன்.

கொஞ்ச நாள் வருத்தப்படுவான், பிறகு முதலிலிருந்து தொடங்குவான் என்று நினைத்தேன். இந்த முறை பெயர் வைப்பதில் கவனமாக இருப்பான் என்றும் நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். அதைத் திட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது.

அவன் தொடங்கவில்லை. பலகையைக் கொண்டுபோய் வைத்தால், "இன்னொரு நாலு வருஷம் எனக்கு எதுக்கு அத்தான்," என்பான். வேறு விளையாட்டுகள் நூற்றுப் பன்னிரண்டு ஏற்றியிருந்தேன். எதையும் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, "விரல் இறுகிட்டு வருது சார். பலகையை நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே," என்றார். அவனேதான் நிறுத்திவிட்டான் என்றேன். இதில் பொய் ஒன்றுமில்லை.

அதன் பிறகு ஒரு மதியம் மழை. நாற்காலி வேண்டாமென்று அவன் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் விடுப்பில் என் அறையில் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன்மேல் சாரல் அடித்திருக்கிறது. மணியை அழுத்த விரலுக்கு வலுவில்லை. குரல் கூடத்துக்கு எட்டவில்லை. மாமியார் துடைக்கப் போனபோது, "ஒண்ணுமில்லம்மா, பயிருக்குத் தண்ணி பாயுதுன்னு நெனச்சிக்கிட்டேன்," என்றானாம். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். திரும்பி வந்தபோது ஐம்பத்து மூன்று கிலோ. தூக்குவதற்கு எளிதாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பெய்த அந்த மதியம் என் அறையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. சொல்கிறேன். காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பண்ணையில் இருந்தேன்.

என் அறையிலும் ஒரு கன்சோல் உண்டு. பென் டிரைவை அதில் செருகி அவன் சேவ் கோப்பை நேராகத் திறந்தது ஒரே ஒரு காரியத்துக்காக: கழுதையின் பெயரை மாற்றவேண்டும். மாற்றிவிட்டு, எங்கோ ஒரு பிரதி கிடைத்தது என்று சொல்லி அவனிடமே கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் நல்லது. உள்ளே போனதும் வழக்கம்போல் பதிவேடுகளைப் புரட்டினேன்; அது தொழில் பழக்கம். பிராணிகளுக்கு எசமானன்மேல் எவ்வளவு பிரியம் என்று இதயப் படம் போட்டுக் காட்டுவார்கள், தினமும் தடவிக்கொடுத்தால் ஏறும். அக்காவுக்கு எட்டு இதயம். அம்மாவுக்கு ஏழு. அத்தானுக்குப் பத்துக்குப் பத்து. பண்ணையிலேயே ஓடு வேய்ந்த கொட்டில் அதற்கு மட்டும்தான்.

இன்னொரு பக்கத்தில் பயணக் கணக்கு இருந்தது. நடந்த தூரம் மூன்று கிலோமீட்டர். கழுதைமேல் போன தூரம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அந்த விளையாட்டில் அவனுக்கு நல்ல கால்கள் இருக்கின்றன. ஓடலாம், குதிக்கலாம். நான்கு வருடமும் அவன் எங்கே போனாலும் அத்தான்மேல் ஏறித்தான் போயிருக்கிறான்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆட்டம் தானாக ஒருமுறை அந்தப் பென் டிரைவிலேயே சேவ் ஆகிவிட்டது. அதில் நாள் ஒன்று கூடிவிட்டது. அவன் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான், நாள் கணக்கில் அவன் புலி. திறப்பதற்கு முன்னால் நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை. இனி கொடுத்தால் விளக்கவேண்டும். விளக்கினால் யாரை நம்பறது என்று கேட்டவன் என்ன ஆவான்? அவன் மனசு தாங்காது. அவனுக்காகத்தான் கொடுக்காமல் இருக்கிறேன். இதை நான் என்னிடமே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது.

பயிர் வாடக்கூடாது என்று தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம் தண்ணீர் விடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் கட்டில். இந்தப் பருவத்தில் விளைச்சல் நன்றாக இருக்கிறது.

ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொண்டேன். சேவ் கோப்பை எடுத்தது நான். வந்துவிட்டது என்று சொன்னது நான். அவனை அழுத்த வைத்தது நான். அவனுடைய கட்டைவிரலும் என் கணக்கில்தான் வரும்.

மிச்சம் ஒன்றுதான். பெயர் மாற்றும் வழி எங்கே என்று எவ்வளவு தேடியும் கிடைக்காமல், என் குழுவிலேயே பொய்ப்பெயரில் சேர்ந்து கேட்டேன். ஒரு பள்ளிக்கூடப் பையன் பதில் போட்டான். ஒருமுறை வைத்த பெயரை அந்த விளையாட்டில் மாற்ற முடியாதாம்.