முப்பது கேள்விகளும் ஒரு சட்டைப் பொத்தானும்

அவைக்கு அணியாய், நலத்துறைக்கு நடுநாயகமாய், நாற்காலிக்கே நன்மதிப்பாய் வீற்றிருக்கும் தலைவர், இயக்குநர் அம்மையார் அவர்களே! அவருக்கு இருபுறமும் கோப்புகளோடு கோப்புகளாய் அமர்ந்திருக்கும் அதிகாரப் பெருமக்களே! வயது வளைத்தாலும் வாய் வளையாத பெரியவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சக்கர நாற்காலியில் வந்து, இந்த மண்டபத்து வாசற்படியோடு போராடி, வென்று, வியர்வை துடைத்து அமர்ந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே! அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, உட்கார இடமில்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் என் இனத்தவர்களே! ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி அது உயிரோடுதான் இருக்கிறது என்று உறுதிசெய்த அண்ணனே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடிக்கு மேல்வழியே என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் அன்பு கலந்த வணக்கம். கடைசியாகச் சொன்னவருக்கு மட்டும் அச்சமும் கலந்த வணக்கம்!

நான் பேச்சாளன் அல்லன், தையற்காரன். துணியை வெட்டத் தெரியும், பேச்சை வெட்டத் தெரியாது. அதனால்தான் மேடையேறும்போது நிகழ்ச்சி அமைப்பாளர் என் காதில் சொன்னார்: "ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுங்க. நன்றின்னு சொல்லிட்டு இறங்கிடுங்க." ஐயா, 'நன்றி' ஒரு வார்த்தைதானே! இன்னொரு வார்த்தை பாக்கி இருக்கிறதே! அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

இன்று எனக்குக் கேடயம் கொடுத்திருக்கிறீர்கள். "ஆண்டின் சிறந்த குடும்பப் பராமரிப்பாளர்" என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறீர்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெரியோர்களே, இந்தக் கேடயத்துக்கான அழைப்புக் கடிதம் என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதே செவ்வாய்க்கிழமை, அதே தபால்காரர், அதே பையிலிருந்து இன்னொரு கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். முதல் கடிதம் சொன்னது: "தங்கள் மனைவியை இரவு பகலாகத் தாங்கள் பராமரிப்பதைப் பாராட்டுகிறோம்." இரண்டாவது கடிதம் சொன்னது: "தங்கள் மனைவிக்குப் பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது." ஒரே துறை, ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணக்கு டீச்சர். "ரெண்டுல ஒண்ணு தப்புங்க. எதுன்னு கேட்டு எழுதுங்க," என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். நான்கு வருடங்களுக்கு முன்னால் பள்ளி மாடிப்படியில் விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இடது கை பாதி, வலது கை முக்கால். என்ன டீச்சர்? முக்காலுக்கும் மேலேயா? மன்னிக்கவும், வலது கை முக்காலுக்கும் மேலே என்று அவையோர் திருத்திக்கொள்ளுங்கள்!

அப்படிப்பட்டவளுக்குப் பள்ளியிலிருந்து, மறுபடி வேலையில் சேரச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு அவள் வகுப்பறையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் அமர்த்தக் காலையில் இரண்டு மணி நேரம். இத்தனை நாள் தூக்கியது இந்தத் தோள். இப்போது உள்ளே தசை கிழிந்துவிட்டது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இனிமே தூக்கினீங்கன்னா கத்திரிக்கோல் பிடிக்க முடியாது." அதனால்தான் கேட்டோம். மாளிகை கேட்டோமா? மகுடம் கேட்டோமா? காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு உதவியாளர் கேட்டோம்!

கேட்டால் சும்மா கொடுப்பார்களா? மதிப்பீடு உண்டு. மதிப்பீட்டு அலுவலர் வீட்டுக்கு வருவார். கையில் படிவம், படிவத்தில் முப்பது கேள்விகள். அந்த அலுவலர் இந்த மேடையிலேயே, அதோ கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நல்ல மனிதர். ஐயா, குனியாதீர்கள், இன்று உங்களைத் திட்டப்போவதில்லை, தப்பு எங்கள் மேலும் இருக்கிறது.

என்ன தப்பு? வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றதும் டீச்சர் ஆணையிட்டாள்: "வர்றவர் முன்னாடி வீடு அலங்கோலமா இருக்கக் கூடாது." நான் விடியலில் எழுந்தேன். தரையைத் துடைத்தேன், திரைச்சீலையைத் துவைத்தேன், மருந்துப் பெட்டியை மறைத்தேன், படுக்கையை மடித்தேன், பளபளவென்று ஆக்கினேன். டீச்சருக்குத் தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகிறவள் மாதிரி உட்காரவைத்தேன். சுவரோரம் நிற்கும் என் இனத்தவர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நீங்கள் செய்ததில்லையா? பாருங்கள், எத்தனை தலைகள் ஆடுகின்றன! உதவி கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, உதவி வேண்டிய அடையாளத்தையெல்லாம் உதவி தருபவர் வருவதற்குள் துடைத்து வைக்கும் கூட்டம் உலகத்தில் நாம் ஒன்றுதான்!

அலுவலர் வந்தார். அமர்ந்தார். படித்தார். "தினமும் குளிக்கிறாரா?" டீச்சர் சொன்னாள், "தினமும்." "சுத்தமான உடை உடுத்துகிறாரா?" "என் வீட்டுக்காரர் டெய்லர், சார்." "வேளைக்குச் சாப்பிடுகிறாரா?" "ஒரு நிமிஷம் பிசகாது." கேட்ட கேள்விக்கெல்லாம் ஆம், ஆம், ஆம்! பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியே பழக்கப்பட்ட பரம்பரை! நான் இடையில் புகுந்து, "சார், குளிக்கிறா, ஆனா நான்தான்..." என்று இழுத்தேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது பிள்ளைகளை அடக்கிய பார்வை, ஒரு புருஷனை அடக்காதா? அடங்கிவிட்டேன்.

அடங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அலுவலரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி, கண் அங்கேயே நிற்கிறது, கை நமநமக்கிறது. "சார், அசையாதீங்க," என்று சொல்லி, அவர் இருபத்தோராம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊசி நூல் எடுத்துத் தைத்துவிட்டேன். நெகிழ்ந்துபோனார். போய் என்ன எழுதினார் தெரியுமா? "பராமரிப்பவருக்குப் போதிய ஓய்வு நேரம் உள்ளது. எனக்குப் பொத்தான் தைத்துத் தந்தார்." முடிந்தது கதை. விண்ணப்பம் தள்ளுபடி!

பின்னாலிருந்து யாரோ "அய்யய்யோ" என்கிறீர்கள். அம்மா, அந்த அய்யய்யோவைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இன்னும் இரண்டு தள்ளுபடி இருக்கிறது.

மேல்முறையீடு செய்தோம். இரண்டாம் வருகை. இந்த முறை ஒரு சபதம்: உள்ளது உள்ளபடி! ஒன்றையும் துடைப்பதில்லை, ஒன்றையும் மறைப்பதில்லை. ஈரத்துணி ஈரத்துணியாகவே கிடந்தது. டீச்சர் கலைந்த தலையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். நான் மருந்து வாங்கப் போனேன். பத்தே நிமிடம். என்ன டீச்சர்? பன்னிரண்டு நிமிடமாம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். "அடக் கடவுளே, அதிகாரி வர்ற நேரத்துல இப்படியா போட்டுட்டுப் போவாரு இந்த மனுஷன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, பெருக்கி, துடைத்து, மடித்து, டீச்சருக்குத் தலையும் வாரி முடித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது வீடு போன தடவையை விடப் பளிச்சென்று இருந்தது. அலுவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் எழுதினார்: "அண்டை வீட்டார் ஆதரவு மிகச் சிறப்பு." அது போதாதென்று, படிவத்தின் கூட்டுத்தொகையில் இருந்த பிழையை டீச்சர் கண்டுபிடித்துச் சொல்ல, அதையும் எழுதினார்: "மிகுந்த சுறுசுறுப்புடன் காணப்படுகிறார்." தள்ளுபடி இரண்டு!

மூன்றாம் வருகைதான் வேடிக்கை. காலை பதினொரு மணி என்று அடிக்க வேண்டிய இரண்டு கடிதங்களில் ஒன்றில் ஏழு மணி என்று அடித்துவிட்டார்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் பதினொன்று. அலுவலர் கையில் இருந்ததில் ஏழு! கதவு தட்டும் சத்தம். நான் டீச்சரைப் பாதி தூக்கிய நிலையில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நிற்கிறேன். தோள் பிடித்துக்கொண்டது. கீழே இறக்கவும் முடியவில்லை, மேலே ஏற்றவும் முடியவில்லை. "யாரா இருந்தாலும் உள்ள வாங்க!" என்று கத்தினேன். வந்தார். பார்த்தார். கோப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து டீச்சரின் காலைத் தாங்கிப் பிடித்தார். இருவருமாக அமர்த்தினோம்.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. குளியலறைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டார். நான் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டார். டீச்சர் வலியை மறைக்க வாய்ப்பாடு சொல்லும் சத்தமும் கேட்டார். பதினேழாம் வாய்ப்பாடு, பெரியோர்களே! பிறகு படிவத்தை எடுத்தார். புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். "இதை எழுதறதுக்கு இதுல இடமே இல்லையே," என்றார். உண்மைதான். குளிக்கிறாரா என்று கேட்கிறது படிவம். குளிப்பாட்டுவது யார் என்று கேட்டதா? உடுத்துகிறாரா என்று கேட்கிறது. எத்தனை நேரம் ஆகிறது என்று கேட்டதா? செய்கிறவருக்கு இன்னும் எத்தனை நாள் உடம்பு தாங்கும் என்று முப்பதில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டதா?

அந்த நல்ல மனிதர் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார், பக்கத்தின் நான்கு ஓரமும் நிரம்ப எழுதினார். தலைமை அலுவலகம் பதில் அனுப்பியது: "கட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டவை கணக்கில் கொள்ளப்படா." அதுதான் செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்.

அன்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. "போகட்டும் டீச்சர், தோள் போனா போகுது, நானே தூக்கறேன்," என்றேன். அவள் அந்தக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேடையேறினேன். "நாம கடைசியா எப்போ சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கா? நாலு வருஷமாச்சு. நான் என்ன சொன்னாலும் சரி சரின்னு போயிடறீங்க. நோயாளிகிட்ட விட்டுக்கொடுக்கற மாதிரி விட்டுக்கொடுக்கறீங்க. குளிப்பாட்டறதுக்கு வேற ஒருத்தர் வரட்டும். நீங்க காலையில, என் சட்டை எங்கன்னு கத்துங்க. நான் பதிலுக்குக் கத்தறேன். எனக்கு என் வீட்டுக்காரர் வேணுங்க."

தாய்மார்களே, நான் அழுதுவிட்டேன். இன்று கேடயம் வாங்கிய கை அன்று கண்ணைத் துடைத்தது. உதவியாளர் என்றால் சோம்பேறிகளுக்குச் சலுகை என்று நினைக்கிறார்களே, அவர்கள் காதில் விழட்டும்! நாங்கள் கேட்பது கருணை அல்ல, அவளுக்கு ஒரு வகுப்பறை! நாங்கள் கேட்பது சலுகை அல்ல, எனக்கு ஒரு மனைவி! நாங்கள் கேட்பது பாராட்டு அல்ல, படிவத்தில் ஒரு கட்டம்! "யார் செய்கிறார்கள், எத்தனை நேரம், அவர்களால் இன்னும் எவ்வளவு காலம் முடியும்?" இந்த மூன்றையும் கேட்கும் ஒரே ஒரு கட்டம்! அந்தக் கட்டம் வந்தால் இந்தச் சுவரோரம் நிற்கும் அத்தனை பேருக்கும் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் டீச்சர் கையைத் தூக்குகிறாள். இது திருத்தம் அல்ல. நேரமாகிவிட்டது. அரைமணிக்கு ஒரு தரம் அவளை நாற்காலியிலிருந்து சற்றே தூக்கி, இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டும்; தவறினால் உடம்பில் புண் வந்துவிடும். பள்ளியில் இதற்கு ஆயாக்கள் உண்டு, இங்கே நாம்தான். பேச்சு பாதியில் நின்றாலும் இது நிற்கக் கூடாது. அவையோர் மன்னிக்கவும், நான் இறங்குகிறேன்.

அலுவலர் ஐயா எழுந்துவிட்டார், அவருக்கு வேலை தெரியும். ஐயா, நீங்கள் உட்காருங்கள். டீச்சர் வேறொருவரைக் காட்டுகிறாள். ஆமாம் அம்மா, உங்களைத்தான். தலைவர் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள். மாலையைக் கழற்றி மேசையில் வையுங்கள். ஆறு படிகள் இருக்கின்றன, பார்த்து இறங்குங்கள். வந்த பெரியவர்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும், நின்றுகொண்டே கேட்ட என் இனத்தவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணே, அந்த ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு என் கூடவே வாருங்கள்.

அம்மா, நான் பின்னால் நின்று அக்குளில் பிடிக்கிறேன். நீங்கள் முன்னால் வந்து முழங்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுங்கள். இன்னும் உள்ளே. பயப்படாதீர்கள். கனமாகத்தான் இருக்கும், தினமும் இப்படித்தான் இருக்கும். எண்ணுவது டீச்சர், அவள் மூன்று என்றதும் தூக்க வேண்டும். எல்லோருக்கும் வணக்கம். சொல்லு டீச்சர்.

"ஒண்ணு... ரெண்டு... அம்மா, முதுகை நேரா வெச்சுக்குங்க, இல்லைன்னா உங்களுக்கும் தோள் போயிடும்... மூணு!"